ஆளேற்றாத வாகனம்

மார்ச் 2, சனி

காலையில் எட்டுப் பேர் ஏறக்கூடிய வான் வண்டியோடு வெளியே போன மனுசன், பின்னேரம் இரண்டு பேர் மட்டும் ஏறக்கூடிய ஒன்றோடு வீடு வந்து சேர்ந்தார். தோடம்பழ நிறம், பளீரென்ற ஒரேஞ்ச். முன்னால் நின்று பார்த்தால் கார், பின்னால் நின்று பார்த்தால் சின்ன லொறி. இந்த நாட்டில் இதற்கு 'யூட்' என்று பெயர். மேசன், தச்சன், குழாய் வேலைக்காரன் எல்லாம் வைத்திருப்பார்கள். ஆனால் இது அந்த வகை இல்லையாம். எக்ஸ்.ஆர். சிக்ஸ் டர்போ. ஃபோர்ட் ஃபால்கன். திறப்பைத் திருப்பியதும் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"உங்களுக்கென்ன விசரே?" என்று கேட்டேன். வேறு எப்படிக் கேட்பது?

"ரெண்டு சீற்தான், ரூபி. இனி ஒருத்தரும் ஏறேலாது. அதுக்குத்தான் வாங்கினனான்."

என் புருசன் தயாபரனின் வானில் ஏறாத தமிழர் மெல்பேர்ணின் இந்தப் பக்கத்தில் குறைவு. விமான நிலையம், கோவில், கலியாணம், செத்தவீடு, பிள்ளைகளின் தமிழ்ப் பள்ளி எல்லாவற்றுக்கும் இவர்தான். "தயா, ஒருக்கா ஏத்திக்கொண்டு போறீரே?" என்ற ஃபோன் வராத சனிக்கிழமை எங்கள் வீட்டில் விடிந்ததே இல்லை. களைத்துப் போனார் என்று நினைக்கிறேன். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனுசன் களைக்கலாம்தானே. அதற்காக இளந்தாரிப் பெடியள் ஓடுகிற சாமானையா வாங்குவது?

மகளுக்குப் படம் அனுப்பினேன். பிரிஸ்பேனிலிருந்து சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன.

மார்ச் 3, ஞாயிறு

இரண்டு தரம் கழுவினார். வீட்டு யன்னல்களைக் கழுவச் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலமாகிறது.

மார்ச் 9, சனி

முன் வீட்டுக் கெரி இன்று தெருவைக் கடந்து வந்தாள். அவளும் நானும் இதுவரை குப்பைத் தொட்டிகளைப் பற்றித்தான் கதைத்திருக்கிறோம். பேரப்பிள்ளை கண்டவள். ஆனால் அவள் ஓடுவது ஹோல்டன் கொமடோர் எஸ்.எஸ்.; ஆறு லீற்றர், எட்டுச் சிலிண்டர், நாலு கதவுக் கார். பின் இருக்கையில் பேத்தியின் குழந்தை ஆசனம் கட்டியிருக்கும்.

"உன் புருசன் ஃபோர்ட் வாங்கிவிட்டான். இனி நாங்கள் விரோதிகள்" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை, ஒரு கணம் பயந்துவிட்டேன். பிறகுதான் விளக்கினாள். இங்கே ஹோல்டன் குடும்பம், ஃபோர்ட் குடும்பம் என்று இரண்டு சாதி இருக்கிறதாம். ஒக்டோபரில் பதேர்ஸ்ட் மலையில் நடக்கும் பந்தயத்தன்று அண்ணன் தம்பி ஒரே மேசையில் சாப்பிடாத வீடுகளும் உண்டாம். எங்கள் ஆட்களுக்கு விளங்கக்கூடிய விசயம்தான்.

பொனட்டைத் திறந்து காட்டச் சொன்னாள். நான் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள். எதையும் திறந்து பார்த்தால்தான் எனக்கு ஆறும். ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பக்கத்தில் நத்தை வடிவில் ஒரு இரும்பு, அதுதான் டர்போ. புகைக்குழாயால் வெளியே போகிற காற்று போகிற போக்கில் ஒரு சில்லைச் சுற்றிவிட, அந்தச் சில்லு புதுக்காற்றை இழுத்து என்ஜினுக்குள் திணிக்கிறது. வீணாய்ப் போகிற மூச்சிலேயே பலம் எடுக்கிற யோசனை. யார் நினைத்தார்களோ, கெட்டிக்காரர்.

"விளையாட்டுக் காரை எடுத்து, ஓட்டுகிறவனின் முதுகோடு வெட்டிவிட்டுப் பின்னால் பெட்டியை வைத்தால் இது" என்றாள் கெரி. "முன்பாதி வியாழக்கிழமை, பின்பாதி சனிக்கிழமை." எனக்கு அது சரியாக விளங்கவில்லை. ஆனாலும் பிடித்திருந்தது.

போகும்போது ஒன்று சொன்னாள். "நேற்று உன் புருசன் வாகனத்தைத் திருப்பும்போது தபால் பெட்டியடியில் நின்று கை காட்டினேன். கவனிக்கவே இல்லை. ஃபோர்ட் வாங்கினதும் தலைக்கனம்."

எங்கள் தபால் பெட்டி இடப்பக்கம் இருக்கிறது. அவர் யோசனையில் இருந்திருப்பார்.

மார்ச் 17, ஞாயிறு

நூலகத்திலிருந்து இரண்டு புத்தகம் எடுத்து வந்தேன். யூட் என்ற வகையையே கேட்டு வாங்கியது ஒரு பெண் என்று சொல்கிறார்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் ஒரு விவசாயியின் மனைவி. ஞாயிற்றுக்கிழமை நனையாமல் தேவாலயத்துக்குப் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டு போகவும் ஒரே வாகனம் வேண்டும் என்று ஃபோர்ட்டைக் கேட்டாளாம். ஜீலோங் நகரில் அதைச் செய்து கொடுத்தார்கள். அந்த மனுசியை எனக்குப் பிடித்துவிட்டது. கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறாள்.

பிறகு கதை ஆண்களின் கைக்குப் போய்விட்டது. அறுபதுகளின் கடைசியில் நாலு கதவுக் குடும்பக் கார்களுக்குள் பெரிய என்ஜினை வைக்கத் தொடங்கினார்கள். பந்தயத்தில் ஓடுகிற காரைக் கடையிலும் விற்க வேண்டும் என்பது விதி. ஆகவே பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அப்படியே பந்தயத்துக்குப் போகக்கூடிய கார்கள் தெருவுக்கு வந்தன. எழுபத்திரண்டில் பத்திரிகைகள் கூச்சல் போட, கொஞ்சக் காலம் அடக்கி வாசித்தார்கள். எண்பதுகளில் ஃபோர்ட் எட்டுச் சிலிண்டரையே நிறுத்திவிட்டு, தொண்ணூறுகளில் மறுபடி கொண்டு வந்தது. ஹோல்டன்காரர் தங்கள் யூட்டுக்குள்ளும் பந்தய என்ஜினை வைத்து 'மலூ' என்று பெயர் வைத்தார்கள். அதில் ஒன்று பாலைவன வீதியில் மணிக்கு இருநூற்று எழுபது கிலோமீற்றருக்கு மேல் ஓடிச் சாதனை செய்திருக்கிறது. பன்றிகள் என்ன நினைத்திருக்குமோ தெரியாது.

இரண்டு கொம்பனியும் இங்கே கார் செய்வதை நிறுத்தி இரண்டு மூன்று வருசமாகிறது.

இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டில் இவருக்குச் சொன்னேன். ஆசையாகக் கேட்டார். கேட்டபடியே கையை நீட்டி, இடப்பக்கம் இருந்த தண்ணீர்க் கோப்பையைத் தட்டி ஊற்றினார். இந்தக் கிழமையில் இரண்டாவது தரம். மேசையில் சாமான் கூடிப்போனது.

மார்ச் 30, சனி

எங்கள் ஆட்களை வெல்ல முடியாது. இரண்டு கிழமைக்கு முதல் மகேசண்ணை வந்தார். கோவில் நிர்வாகத்தில் இருப்பவர், இவரின் வானில் அதிகம் ஏறியவர். யூட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி தயா, ஆள் ஏறேலாது, சரி. விளங்குது. ஆனா ஒரு ஃபிரிட்ஜ் ஏறும்தானே?"

நான் உள்ளே போய்ச் சிரித்தேன். லிஃப்ட் கேட்கிறவர்களிடமிருந்து தப்புவதற்கு மனுசன் தேடித் தேடி வாங்கியது, சாமான் ஏற்றுகிற வாகனம். இதை எங்கள் ஆட்களில் ஒருவர்தான் செய்வார். இந்த இரண்டு கிழமைக்குள் இரண்டு ஃபிரிட்ஜ், ஒரு கட்டில், கோவில் பந்தல் கம்பி, அன்னதானக் கிடாரம் எல்லாம் ஏறி இறங்கிவிட்டன. மற்ற இளந்தாரிகள் பெண்பிள்ளைகளை ஏற்றுகிற வாகனத்தில் இவர் கிடாரம் ஏற்றுகிறார்.

ஆச்சரியம் என்னவென்றால் முகம் சுளிக்கவே இல்லை. "சாமான் எண்டால் பரவாயில்லை அண்ணை. எவ்வளவும் ஏத்துவன்" என்றார். ஆனால் ஏற்றி இறக்கக் கூட வருகிறேன் என்ற மகேசண்ணையை ஏற்றவில்லை. பக்கத்து இருக்கையில் சுத்தியல், சாவி எல்லாம் போட்ட ஒரு பெரிய ஆயுதப் பெட்டியை வைத்து, பெல்ட்டும் போட்டுக் கட்டியிருக்கிறார். "நீங்கள் உங்கடை காரில பின்னால வாங்கோ." மகேசண்ணையின் முகம் தொங்கிப் போனது.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருசப்பிறப்பு. கோவிலுக்கு நான் என் கொரொல்லாக் காரில், இவர் யூட்டில். ஒரே வீட்டிலிருந்து ஒரே கோவிலுக்கு ஒரே நேரத்தில் இரண்டு வாகனம். பெட்டியை எடுத்து வைத்துவிட்டு என்னை ஏற்றலாம்தானே என்று கேட்டதற்கு, "சீலை கசங்கும்" என்றார். என் சீலையைப் பற்றி இந்த மனுசன் கலியாணத்தன்றுகூடக் கவலைப்பட்டதில்லை.

கோவில் வாசலில் மகேசண்ணையின் மனைவி, "என்ன ரூபி, புருசன் பெஞ்சாதி சண்டையே?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டா. சிரித்துச் சமாளித்தேன். உள்ளே போய் சாமிக்கு முன்னால் நின்றபோது அழுகை வந்தது. எனக்கு இது நோகிறது. இரண்டு இருக்கையில் ஒன்று எனக்கு இல்லையென்றால் அது யாருக்கு?

பின்னேரம் கோபம் ஆறவில்லை. இவர் ஃபிரிட்ஜைத் திறந்து முட்டைத் தட்டிலிருந்து சின்னப் போத்தலை எடுத்துக் கண்ணுக்குத் துளி விட்டார். வேலைத்தளத்துத் தூசிக்கு என்று சொல்லியிருக்கிறார். சாமான் களஞ்சியத்தில் வேலை செய்பவருக்குத் தூசி வரும்தான்.

ஏப்ரல் 27, சனி

மழை. கெரி வேலியடியில் நின்று யூட்டின் பின்பக்கத்தைப் பற்றிப் பாடம் நடத்தினாள். இரண்டு கொம்பனியும் இங்கேதான் பிரிகின்றன. ஹோல்டன் யூட்டில் பின் சில்லுகள் தனித்தனியாக ஏறி இறங்கும். கார் மாதிரி ஓடும். ஃபால்கனுக்குப் பழைய மாட்டுவண்டி முறை: ஒரே அச்சு, இரும்புத் தகடுகளை அடுக்கிய வில். பாரம் அதிகம் தாங்கும். ஆனால் பின்பெட்டி வெறுமையாக இருந்தால் பின்பக்கத்தில் கனமே இல்லை. ஈரத் தெருவில் பலத்தைக் கொடுத்தால் வால் தன்பாட்டில் சுற்றிக்கொண்டு முன்னுக்கு வரப் பார்க்குமாம். என் கொரொல்லாவைவிட இரண்டரை மடங்கு பலம் உள்ள என்ஜின் அது.

"மழைக்காலத்தில் ஒரு மண்மூட்டை போடுங்கள்" என்றாள்.

மண்மூட்டைக்கு எங்கே போவது? கராஜில் கிடந்த சிவப்புப் பச்சையரிசி மூட்டைகள் நாலை இவர் ஏற்றினார். மகேசண்ணை மொத்தமாக வாங்கி எல்லோருக்கும் பங்கிட்ட அரிசி. கெரி தலையில் கை வைத்தாள்.

மே 5, ஞாயிறு

யூட்டின் இடப்பக்கக் கதவில் நீளமாக ஒரு கோடு. கேற் தூணில் உரசியிருக்கிறது. எங்கள் கேற்றுக்கு வயது பதினைந்து. ஒருநாளும் இடம் மாறியதில்லை.

"கேற் ஒடுக்கம்" என்றார்.

"ஓம், ஒடுக்கம்தான்" என்றேன்.

வானிலும் இடப்பக்கக் கண்ணாடி இரண்டு தரம் உடைந்தது இப்போது ஞாபகம் வருகிறது. வான் அகலமானது. அது வேறு.

மே 12, ஞாயிறு

அரிசி மூட்டைகளுக்குள் தண்ணீர் போய்விட்டது. பின்பெட்டியை மூடுகிற தார்ப்பாயின் ஒரு மூலை சரியாகக் கொழுவப்படவில்லை. இடப்பக்க மூலை. நாலு மூட்டையும் புளித்து ஊதி, திறந்ததும் கெரி வீடு வரைக்கும் மணம். நல்ல அரிசி. நானும் கெரியும் மூக்கைக் கட்டிக்கொண்டு அள்ளிக் கொட்டினோம். இவர் வேலைக்குப் போயிருந்தார்.

கெரி கையைக் கழுவியபடி கேட்டாள்: "ரூபி, அவனுக்குக் கண் எப்படி?"

"வாசிக்கிற கண்ணாடி மட்டும்தான்" என்றேன். "ஏன் உங்கள் கொமடோரில் டர்போ வைக்கவில்லை?"

எட்டுச் சிலிண்டருக்கு டர்போ தேவையில்லை என்று சொன்னாள். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அரிசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மே 18, சனி

கெரியிடம் கியர் பழக்கிவிடக் கேட்டேன். நான் ஓடியது எல்லாம் ஒட்டோமற்றிக். கிளச் எப்படி வேலை செய்கிறது என்று அறிகிற ஆசை, வேறொன்றுமில்லை. இரண்டு தட்டுகள், ஒன்று என்ஜினோடு சுற்றும், மற்றது சில்லுகளோடு. மிதித்தால் பிரியும், விட்டால் ஒட்டும். விளங்கிக்கொள்ள ஐந்து நிமிசம். காலுக்கு விளங்க வைப்பதுதான் கஷ்டம்.

அவளின் கொமடோரும் கியர்தான். பக்கத்துச் சந்தை மூடிய பிறகு அதன் கார் தரிப்பிடத்தில் ஓடினேன். நின்று போய், துள்ளி, நின்று போய். கடைசியில் மூன்றாம் கியருக்குப் போனபோது எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோசம். இவர்கள் எல்லாம் ஏன் இதற்குப் பைத்தியம் பிடித்து அலைகிறார்கள் என்று முதன்முதலாக விளங்கியது. கைக்குள்ளும் காலுக்குள்ளும் என்ஜின் கதைக்கிறது.

இவருக்குச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது.

மே 25, சனி

திரும்பவும் பழகினேன். மேட்டில் நிறுத்தி எடுக்க வருகிறது.

ஜூன் 1, சனி

மழையில் கோவிலிலிருந்து பின்னேரமே வந்துவிட்டார். இருட்ட முதல் வீட்டுக்கு வந்துவிடுகிறார் இப்போதெல்லாம். நல்ல பழக்கம்.

ஜூன் 11, செவ்வாய்

நடந்ததை நடந்த மாதிரியே எழுதப் பார்க்கிறேன்.

காலையில் கொரொல்லாவின் பற்றறி செத்துவிட்டது. எட்டரைக்கு நான் பள்ளிக்கூடத்தில் நிற்க வேண்டும். முதற்பாடமே அமிலப் பரிசோதனை. இவரை ஏற்றிப் போகச் சொன்னேன். "டாக்ஸிக்கு அடியும்" என்றார். நான் ஆயுதப் பெட்டியின் பெல்ட்டைக் கழற்றி, பெட்டியைப் பின்னால் தூக்கி வைத்துவிட்டு ஏறி இருந்தேன். இவர் வெளியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஏறினார்.

ஓட்டம் நன்றாகத்தான் இருந்தது. அமைதியாக, மெல்லமாக ஓடினார். இப்படிப் பலமுள்ள வாகனத்தை இவ்வளவு மெல்லமாக ஒருவரும் ஓடியிருக்க மாட்டார்கள். முகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டே ஓடினார். சந்தோசமாகக்கூட இருந்தது எனக்கு. மழை தூறியது.

ஆரம்பப் பள்ளிக்கூடத்துக் கடவையில், நிறுத்தற் பலகையோடு நிற்கிற அம்மா நடைபாதையிலிருந்து இறங்கினா. எங்கள் இடப்பக்கத்திலிருந்து. பலகையைத் தூக்கிப் பிடித்தபடி, பின்னால் பிள்ளைகள். நான் இவர் காலை எடுப்பார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை.

"நில்லுங்கோ" என்றேன். "அப்பா, நில்லுங்கோ, பிள்ளையள்."

"எங்க?" என்றார். வலப்பக்கம் பார்த்தார். "எங்க, ரூபி?"

கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். பின்பக்கம் கெரி சொன்ன மாதிரியே வழுக்கிச் சுற்றியது. கடவையின் குறுக்கே கிடந்து நின்றோம். கண்ணாடிக்கு வெளியே, என் பக்கத்தில், மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண் நின்றாள். நான் கண்ணாடியை இறக்கியிருந்தால் அவளின் தலையைத் தொட்டிருக்கலாம்.

ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. பலகை அம்மா எங்களைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது.

இவர் இன்னும் அந்தப் பிள்ளையைக் காணவில்லை. முழுதாகத் திரும்பிய பிறகுதான் கண்டார். கண்டதும் முகம் வெளுத்துப் போனது.

"இறங்குங்கோ" என்றேன். இடம் மாறினோம். கிளச்சை மிதித்து, முதலாம் கியரில் போட்டு, வாகனத்தை நேராக்கி, ஓரமாகக் கொண்டுபோய், பிறகு வீட்டுக்கே திருப்பினேன். ஒரு தரமும் நின்று போகவில்லை. பாதி வழியில்தான் கேட்டார்.

"கியர் எப்ப பழகினீர்?"

"கெரியிட்டை. சும்மா, அறியிற ஆசைக்கு."

முகத்தை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தார். "அப்ப உமக்குத் தெரியும்."

"என்ன தெரியும்? கியர் மாத்தத் தெரியும்" என்றேன்.

ஜூன் 12, புதன்

இரண்டு பேரும் வேலைக்குப் போகவில்லை. புட்டு அவித்தேன். சாப்பிடவில்லை.

ஜூன் 15, சனி

இன்று கதைத்தார். கண் அழுத்தம். ஓரப்பார்வை இரண்டு கண்ணிலும் போய்க்கொண்டிருக்கிறது, இடப்பக்கம்தான் அதிகம். துளி மருந்து இருப்பதைக் காப்பாற்றும், போனதைத் திருப்பித் தராது. டொக்டர், இனி வாகனம் ஓடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். லைசென்ஸ் கந்தோருக்கு அறிவிக்கவும் சொல்லியிருக்கிறார். இவர் ஓமென்று தலையாட்டிவிட்டு வந்து வானை விற்றிருக்கிறார்.

"பொங்கலண்டு கோவில் பார்க்கிங்கில ரிவர்ஸ் எடுத்தன். பின்சீற்றில இருந்த பிள்ளையள் கத்தினதாலதான் நிப்பாட்டினன். அதுக்குப் பிறகு ஒருத்தரையும் ஏத்த எனக்குப் பயம்."

"அப்ப ஓடுறதையெல்லோ நிப்பாட்டியிருக்க வேணும்?"

"நிப்பாட்டினா ஏன் எண்டு கேப்பினம்."

"இந்த யூட் ஏன்?"

"வயசு போன நேரத்தில ஆசையைப் பார் எண்டு சனம் சிரிக்கும். சிரிச்சா கேள்வி கேக்காது." பிறகு, "ஆசையும்தான், ரூபி" என்றார். "கடைசியா ஓடுறது நல்லதா இருக்கட்டும் எண்டு நினைச்சன்."

எனக்கு இரக்கம் வந்தது. கோபமும் வந்தது. கோபம்தான் முதலில் வாயைத் திறந்தது. "வாகனத்துக்குள்ள இருக்கிற பிள்ளையளை யோசிச்சீங்கள். றோட்டில நடக்கிற பிள்ளையள் ஆற்றை பிள்ளையள்?"

இவர் திருப்பி, "உமக்குத் தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். நான் அடுப்பில் பால் பொங்கப் போகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் இருந்தது உண்மை.

ஜூன் 19, புதன்

லைசென்ஸ் கந்தோருக்கு யூட்டில் நான்தான் கூட்டிப் போனேன். லைசென்ஸைத் தானே எடுத்து மேசையில் வைத்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்பிள்ளை எடுத்து ஓரத்தில் வெட்டினாள். ஏதோ கேட்டாள், இவர் "தாங்க் யூ" என்றார்.

திரும்பி வரும்போது நான் இரண்டாம் கியரிலேயே நெடுநேரம் ஓடினேன். என்ஜின் கத்தியது. "மாத்தும்" என்றார்.

ஜூன் 29, சனி

கெரி வந்தாள். அவளின் கார்க் கழகத்துக்கு ஒரு பழைய விமான ஓடுபாதை இருக்கிறது. ஆள் இல்லை, மரம் இல்லை, மோத எதுவுமே இல்லை. தனியார் காணி. ஒரு நாள் வந்து ஆசை தீர ஓடு, நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று இவரிடம் சொன்னாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. ஃபோர்ட்காரனுக்காக ஒரு ஹோல்டன்காரி அழுகிறாள்.

இவர் ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். நானும் மனதுக்குள் அதை விரும்பினேன்.

"வேண்டாம், கெரி" என்றார். "நல்லா ஓடினா, இன்னும் ஓடலாம் போல இருக்கும்."

கெரி போன பிறகு யூட்டின் முன் மூடியில் கை வைத்துக்கொண்டு நின்றார். நான் அதை ஓடிக்கொண்டு வந்து நிறுத்தி அதிக நேரமாகவில்லை, இரும்பு இன்னும் சூடாக இருந்திருக்கும்.

ஜூலை 14, ஞாயிறு

இதுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை. மகளுக்கு மாத்திரம் நான் சொன்னேன். ஊருக்கு மட்டும் "தயாவுக்கு நாரி நோ, குனிய ஏலாது" என்று இரண்டு ஃபிரிட்ஜையும் ஒரு சோபாவையும் தட்டிக் கழித்தோம். நாரியை எத்தனை கிழமைக்கு நோக வைப்பது?

இன்று பின்னேரம் மகேசண்ணை எடுத்தார். இவர் ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். லண்டனிலிருந்து அவரின் மச்சாள் குடும்பம் வருகிறதாம், பெட்டிகள் அதிகமாம். "தயா, உம்மடை யூட்டைக் கொண்டு ஒருக்கா எயார்போட்டுக்கு—"

"அண்ணை, நான் இனி ஓடுறேல்லை" என்றார் இவர். "கண் போட்டுது. இடப்பக்கம் ஒண்டும் தெரியாது. லைசென்ஸைக் குடுத்திட்டன்."

நான் காய் வெட்டுவதை நிறுத்தினேன்.

"எப்ப தொடக்கம்?"

"குறையத் தொடங்கி ரெண்டு வருசம்."

மகேசண்ணை கணக்குப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கியது. "அப்ப போன மார்கழி, என்ரை பேரப்பிள்ளையளை எயார்போட்டில இருந்து கொண்டு வந்தது?"

பொய் சொல்லலாம். ஒருவருக்கும் தெரிய வராது. நான் இவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓம் அண்ணை. அப்பவும் இடப்பக்கம் தெரியாது."

ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசினால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். நான் அந்தப் பிள்ளைகளின் அம்மம்மாவாக இருந்தால் ஏசியிருப்பேன். பின்னால் அவர்கள் வீட்டு ரீவி கேட்டது, யாரோ அதைக் குறைத்தார்கள். ஃபோனை வைத்துவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். வைக்கவில்லை.

கடைசியில் மகேசண்ணை தொண்டையைச் செருமினார். குரல் கரகரத்தது, கோபம் போகவில்லை. "செவ்வாய்க்கிழமை கோவிலில பூசை இருக்கு. வருவீர்தானே?"

"வரத்தான் வேணும்."

"எத்தினை மணிக்கு வந்து ஏத்த?"

நான் கூட்டிக்கொண்டு வருகிறேன், யூட் வெளியில் நிற்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். இவரின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடினேன். இத்தனை வருசம் ஊர் முழுவதையும் பார்த்துத் தான் கேட்ட கேள்வி தன்னிடமே வந்ததும், பதில் எப்படிச் சொல்வது என்று இவருக்குத் தெரியவில்லை. ஃபோனை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. கேட்டது இவரிடம்.

"ஆறரைக்கு" என்றார், ஃபோனைத் திரும்பத் தன் பக்கம் இழுத்து. "நான் வாசலில நிப்பன், அண்ணை. எனக்கு வலப்பக்கமா வந்து நிப்பாட்டுங்கோ. அப்பதான் நீங்கள் வாறது எனக்குத் தெரியும்."